மூன்றாவது பார்வை

9

போன வாரம் இந்த வீட்டில் ஒரு பந்தயம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில், தகப்பனும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கட்டிக்கொண்ட பந்தயம் அது.

மூத்த மகள் பெரியவள் ஒரு பல்லை இரண்டே தடவை சரிபார்த்துவிட்டு டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அது சரியில்லை என்று திரும்பி வராவிட்டால், அவள் மனநல ஆலோசகரிடம் போவதைப் பற்றி அப்பா இனி வாய் திறக்கக் கூடாது. திரும்பி வந்துவிட்டால், அவள் அங்கே போவதை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு வருடமாகப் பெரியவளால் எந்த வேலையையும் கையை விட்டு அனுப்ப முடியவில்லை. பதினோரு தடவை பார்ப்பாள். பன்னிரண்டாவது தடவை அதை உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். முப்பத்திரண்டு வயதில், சாப்பிட மறந்து, தூங்க மறந்து, ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்ட பிறகுதான் அவளே ஆலோசகரின் கதவைத் தட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. அம்மா, "நீங்க ரெண்டு பேரும் மனுஷங்களா ஆனப்புறம் சொல்லி அனுப்புங்க" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகிறது.

பந்தய நாள் விடிந்தது.

பட்டறை வீட்டின் கீழ்த்தளம். முன்னறையில் போன், மேசை, அடுக்கி வைத்த சின்னப் பெட்டிகள். அது இளைய மகள் சின்னவளின் ராஜ்ஜியம். உள்ளறையில் இரண்டு பெஞ்சு, இரண்டு விளக்கு, பீங்கான் சுடும் சின்ன உலை. அப்பாவும் பெரியவளும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். பல் டாக்டர்கள் எல்லாருக்கும் அப்பா 'மாஸ்டர்'. அவர் கைபட்ட பல் திரும்பி வந்ததில்லை என்பது அவர்கள் சொல்லும் பேச்சு. அதை அவரும் சொல்லுவார், யாரும் கேட்காவிட்டாலும்.

"என்ன, அந்த ஆலோசகரம்மா குடுத்த மந்திரத்தை முணுமுணுத்தாச்சா?" என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

"மந்திரமெல்லாம் இல்லப்பா. ரெண்டு தடவை பார்க்கணும். அனுப்பணும். அவ்வளவுதான்."

"முப்பது வருஷமா இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன். எத்தனை தடவை பார்த்தேன்னு எண்ணினதே கிடையாது. சரியா வர்ற வரைக்கும் பார்ப்பேன்."

"சரியா வந்திருச்சுன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்காப்பா?"

"வாய் நீளுதுடி. பேசறதுக்குன்னு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு ரூம், அந்த ரூம்ல ஒரு சோபா! வேலை செய்யத் தெரியாதவங்கதான் வேலையைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க."

முன்னறையிலிருந்து சின்னவள் குரல் கொடுத்தாள். "அப்பா, காலையிலேர்ந்து நீங்களும் பேசிட்டேதான் இருக்கீங்க. உங்களுக்கும் ஒரு சோபா போடச் சொல்லட்டுமா?"

"நீ சும்மா கிட வாலு!"

பெரியவள் பிளாஸ்டர் அச்சில் பல்லைப் பொருத்தினாள். மேல் வரிசையில் ஐந்தாவது பல். நீலத் தாளை இடையில் வைத்து மேல் அச்சையும் கீழ் அச்சையும் கடிக்க விட்டாள். மூன்று சின்ன நீலப் புள்ளிகள், விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. பிறகு, பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நடுவே மெல்லிய பட்டையைச் செருகி இழுத்தாள். பட்டை பிடித்து நின்றது. கிழியவும் இல்லை, வழுக்கவும் இல்லை. இரண்டு பல்லும் சரியாக ஒட்டி நிற்கின்றன என்று அர்த்தம்.

முதல் தடவை முடிந்தது. எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். இரண்டாவதும் முடிந்தது.

அவள் கை தானாகப் பட்டையை எடுக்கப் போனது. மூன்றாவது தடவைக்கு. ஏதோ விட்டுப்போயிற்று, ஏதோ விட்டுப்போயிற்று என்று வயிற்றுக்குள் ஒரு குரல். நெற்றியில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். பல்லைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"முடிஞ்சுது," என்றாள், தனக்கே சொல்வது போல. கை கழுவ மாடிக்குப் போனாள். காலடிச் சத்தம் படியில் தேய்ந்தது.

மாஸ்டர் எழுந்தார். மகளின் பெஞ்சுக்கு வந்து பெட்டியைத் திறந்தார்.

சின்னவள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள். "அப்பா! அது அக்கா மூடின பெட்டி."

"என் பட்டறையில எனக்கு மூடின பெட்டி எங்கேடி இருக்கு?"

"ரெண்டு தடவைதான்னு பேச்சு."

"அவ ரெண்டு தடவை பார்த்தா. நான் இன்னும் பார்க்கவே இல்லையே." பல்லை விளக்குக்கு நேரே பிடித்தார். "இது திரும்பி வந்தா யாருடி அழுவா? உங்கக்காதான? அவ அழக் கூடாதுன்னுதான் பார்க்கறேன். இதோ, பக்கவாட்டுல லேசா கரடு."

மெருகு போடும் சக்கரம் ஒரு நொடி முனகியது. "ஒரே ஒரு இழுப்பு. இப்ப பாரு, கண்ணாடி!" பட்டையைச் செருகி இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பெட்டியை மூடினார். "வாயைத் திறந்தே, அப்புறம் தெரியும்."

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. நல்லதுக்குத்தானே செய்கிறார் என்று அவளுக்கும் தோன்றியது. ஒருவரை நம்பாமல் அவருக்குச் செய்கிற நல்லது, நல்லதுதானா? அதை யோசிக்க நேரம் கொடுக்காமல் வாசலில், பல்லை டாக்டர்களிடம் கொண்டுபோகும் பெட்டிக்காரரின் வண்டி வந்து நின்றது.

பெட்டிக்காரர் கனத்த உடம்பு, கனத்த ஹெல்மெட். "ஏம்மா, இன்னிக்காவது ஒரே போக்கா? போன மாசம் பாதிப் பாலம் ஏறினப்புறம் போன் போட்டு ரெண்டு தடவை திருப்பிக் கூப்பிட்டீங்க. இப்ப அந்தப் பாலத்துக்கே என் மூஞ்சி பழகிப் போச்சு."

பெரியவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெட்டியைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இன்னிக்குக் கூப்பிட மாட்டேண்ணே."

வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் மறைந்ததும் சிரித்தாள். அக்கா சிரிப்பதை ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் சின்னவள் பார்த்தாள்.

மூன்று மணிக்கு ஆலோசகரின் அறை. மாஸ்டர் சொன்ன சோபா எதுவும் அங்கே இல்லை. எதிரெதிரே இரண்டு மர நாற்காலி, ஒரு ஜன்னல், சத்தமில்லாமல் ஓடும் கடிகாரம். போனை அணைத்து வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

பெரியவள் ஒரு தாளை நீட்டினாள். ஆலோசகர் கொடுத்த வீட்டு வேலை. 'அனுப்பினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன்' என்று ஒரு பக்கம். 'உண்மையில் என்ன நடந்தது' என்று மறுபக்கம்.

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "எழுத்து அச்சு மாதிரி இருக்கே. எத்தனை தடவை எழுதினீங்க?"

"...நாலு."

"பரீட்சை இல்லைன்னு சொல்லியிருந்தேன்."

"அடிச்சுத் திருத்தின தாளை எப்படி மேடம் உங்ககிட்ட குடுக்கறது?"

"அடிச்சுத் திருத்தின தாள்தான் எனக்கு வேணும்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு ஈஸியா இருக்கு மேடம். 'போதும்'னு சொல்லிட்டு நீங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுடலாம். நான் தப்பு பண்ணினா ஒருத்தர் வாயில வலிக்கும். உங்க வேலையில தப்பு நடந்தா யாருக்கு வலிக்கும்?"

"உங்களுக்கு," என்றார் ஆலோசகர். "என்கிட்டயும் தப்பு நடந்திருக்கு. ஒருத்தரை அவசரப்படுத்திட்டேன், அவர் பாதியிலேயே வர்றதை நிறுத்திட்டார். அதனால தப்பே நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

பெரியவள் தலை குனிந்துகொண்டாள். ஆலோசகர் தொடர்ந்தார்.

"உங்க வேலைத் தரத்தைக் குறைக்கச் சொல்லல. ரெண்டு தடவை பார்க்கறது தரம். அதுக்கு மேல பார்க்கறது பயம். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தவன் நிம்மதியா போவான். பதினோரு தடவை இழுத்தவனுக்கு, பூட்டினோமாங்கிற சந்தேகம்தான் கூடும். பார்க்கப் பார்க்க நம்பிக்கை தேயும்மா. சரி, இது எப்ப ஆரம்பிச்சுது? முதல்ல நீங்க இப்படி இல்லைன்னீங்க."

"போன வருஷம் நாலு பல்லு வரிசையா திரும்பி வந்துச்சு. எல்லாம் நான் செஞ்சது. அதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்ல. அப்பா ஒண்ணும் திட்டல. எடுத்து என் பெஞ்சுல வரிசையா வச்சார். அவ்வளவுதான்."

ஆலோசகர் தாளை மடித்து வைத்தார். "இன்னிக்குப் பெட்டியை அனுப்பினப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"முதல்ல செத்துட்டேன். அப்புறம்..." பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். "பசிச்சுது மேடம். ரொம்ப நாளைக்கப்புறம் பசிச்சுது."

வெளியே வந்து போனை உயிர்ப்பித்தாள். பட்டறையிலிருந்து ஆறு அழைப்புகள். பல் டாக்டரிடமிருந்து மூன்று.

அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது. பெட்டிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் போல் ஓரமாக நின்றார். போன் ஸ்பீக்கரில் டாக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"பக்கத்துப் பல்லோட ஒட்டவே இல்ல மாஸ்டர்! நூல் விட்டா அந்தப் பக்கம் வந்து விழுது. பல்லு கட்டிக்க வந்த வாத்தியாரம்மா நாற்காலியில வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காங்க. விடிஞ்சா ரயில். உங்க பட்டறையில இப்பல்லாம் யாருமே பார்க்கறதில்லையா?"

பெரியவள் போன் பக்கம் குனிந்தாள். "டாக்டர், நான்தான். ரெண்டு தடவைதான் பார்த்தேன். என் தப்பு."

"தப்புன்னு தெரியுதில்ல? ஆறு மணிக்குள்ள சரியா வரணும். இல்லைன்னா வேற பட்டறையைப் பார்த்துக்கறேன்."

போன் அணைந்தது. சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டது.

"பார்த்தியா? நான் என்ன சொன்னேன்?"

"சரிப்பா," என்றாள் பெரியவள். "இனிமே அங்க போகல. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சின்னவளைப் பயமுறுத்தியது.

பெரியவள் பல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அச்சில் பொருத்தி, பட்டையைச் செருகி இழுத்தாள். எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. காலையில் பிடித்து நின்ற அதே பட்டை. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் நான் மெருகு போடவே இல்லையே."

மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார்.

"யாரு தொட்டது?"

"ஒரே ஒரு இழுப்பு," என்றார் அவர். "கரடு மாதிரி தெரிஞ்சுது. நீ ஜெயிக்கணும்னுதான்டி..."

"நான் ஜெயிக்கணும்னா?" அவள் எழுந்தாள். "நான் செஞ்சது செஞ்சபடி போகணும்ப்பா. நான் கேட்டது அவ்வளவுதான். மூடின பெட்டியைத் திறந்து பார்க்க நான் என்ன திருடியா?"

"என் பேர்ல போற பல்லு அது! நான் பார்க்காம இந்த வாசலைத் தாண்டி எதுவும் போனதில்ல. எதுவுமே போனதில்ல!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். பெரியவள் பூதக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"போன வருஷம் நாலு வந்துச்சே. அதையும் பார்த்தீங்களா?"

மாஸ்டர் அவள் பெஞ்சைப் பார்த்தார்.

"தொட்டீங்களாப்பா?"

"எல்லாத்தையும்தான் பார்ப்பேன்..."

"ஒரு வருஷம்!" அவள் கத்தியதில் முன்னறையில் பெட்டிக்காரர் ஹெல்மெட்டைத் தவறவிட்டார். "ஒரு வருஷமா நான் தூங்கல. கண்ணு போச்சோ, கை போச்சோன்னு விரல் விரலா பார்த்துட்டுக் கிடந்தேன். நீங்க அந்த நாலையும் என் பெஞ்சுல வரிசையா வச்சுட்டுப் போனீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே, ஒரே ஒரு வார்த்தை!"

"சத்தம் போடாதே. வெளியே ஆளு இருக்கு."

"இருக்கட்டும். அவருக்கும் தெரியட்டும். நீங்க வெளியே போங்க."

"என்னடி சொன்னே?"

"வெளியே போங்கப்பா. ஆறு மணிக்குள்ள இதை நான் முடிக்கணும். நீங்க இந்த ரூம்ல இருந்தா எனக்குக் கை நடுங்கும்."

அவருடைய பட்டறையில் அவரை வெளியே போகச் சொன்னவர்கள் இதுவரை கிடையாது. சின்னவள் நடுவில் வந்து, அவர் முழங்கையை மெல்லப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

முன்னறையில், பெட்டி வாங்க வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்தார். பெட்டிக்காரர் கிளம்பவில்லை. "அடுத்த சவாரி?" என்று சின்னவள் கேட்டாள்.

"கிடக்கட்டும்மா. இதுக்குத் திரும்ப வரணும்ல. இங்கேயே இருந்துட்டுப் போறேன்." வாசலுக்குப் போய், வண்டியைத் துடைப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வீட்டு விஷயம் காதில் விழாத தூரத்தில் நிற்பதும் ஒரு தர்மம். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே பெரியவள் பீங்கான் பொடியைக் குழைத்தாள். பக்கவாட்டில் மயிரிழையளவு பூசினாள். உலையில் வைத்தாள். நிமிடங்கள் நகர்ந்தன. உலை ஓய்ந்தது. சிறிது நேரத்தில் சக்கரம் சன்னமாக ஓடத் தொடங்கியது.

ஐந்து மணி தாண்டி டாக்டர் கூப்பிட்டார். சின்னவள் எடுப்பதற்குள் மாஸ்டர் கையை நீட்டி எடுத்துவிட்டார்.

"நடந்துட்டிருக்கு டாக்டர். வந்துடும்." ஒரு மூச்சு விட்டார். "ஒரு விஷயம். அது எம்பொண்ணு தப்பு இல்ல. அவ சரியாத்தான் செஞ்சு மூடி வச்சா. நான்தான் திறந்து தொட்டேன். கெடுத்தது நான்."

உள்ளே சக்கரத்தின் சத்தம் நின்றது.

போனில் டாக்டர் தடுமாறுவது கேட்டது. "நீங்களா மாஸ்டர்? ...சரி. வாத்தியாரம்மா புஸ்தகம் படிச்சுட்டு இருக்காங்க. செய்யறவங்களை அவசரப்படுத்தாதீங்கன்னு என்னைத்தான் திட்டறாங்க. நான் போட்ட சத்தத்தைப் பாப்பா மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் போனை வைத்தார். உள்ளே சக்கரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னவள் அப்பாவின் எதிரே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது, தன்மேலும் சேர்த்து. "காலையிலேயே நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மெருகு போட்டப்புறம் நீங்களும் பட்டையை இழுத்துப் பார்த்தீங்கல்ல? வழுக்கினது தெரியலையா?"

"பிடிச்சுதுடி."

"அக்கா இழுத்தப்ப வழுக்கிட்டு வருது. உங்ககிட்ட மட்டும் எப்படிப் பிடிக்கும்?"

மாஸ்டர் தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்தார். கட்டை விரலால் ஆள்காட்டி விரலின் நுனியை அழுத்தினார். நகம் வெளுக்கும் வரை அழுத்தினார்.

"பிடிச்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றார். "இப்பல்லாம் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு."

சின்னவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் நுனியைக் கிள்ளினாள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நடு விரலையும் கிள்ளினாள்.

"எத்தனை நாளாப்பா?"

"ஒன்றரை வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட?"

"போய் என்னன்னு சொல்றது? மாஸ்டருக்கு விரல் மரத்துப் போச்சுன்னா? அப்புறம் யாரு பல்லு குடுப்பா? அதான் எதையும் விடாம, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு..." குரல் உடைந்தது. உடனே கடுகடுத்தது. "உங்கக்காகிட்ட மூச்சு விட்டே, நடக்கறதே வேற."

இவ்வளவு காலம் பயமுறுத்திக்கொண்டே இருந்தவர், ஒன்றரை வருடமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்தார். கடவுள் அவருக்கு இரண்டு பெண்களைக் கொடுத்திருந்தார். ஒருத்தியிடமும் சொல்லத் தோன்றவில்லை.

சின்னவள் கையை விட்டாள். எழுந்தாள்.

"காலையில ஒரு தடவை வாயை மூடிப் பார்த்தாச்சுப்பா. அக்கா பட்டது போதும்."

"உக்காருடி!"

அவள் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரா இருந்தாலும் பத்து நிமிஷம்," என்றது உள்ளேயிருந்து பெரியவளின் குரல். "ரெண்டாவது தடவை பார்த்துட்டிருக்கேன். முடிச்சதும் திறக்கறேன்."

சின்னவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மாஸ்டர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். எழுந்திருக்கவா, இல்லை எழுந்திருக்காமலே இருக்கவா என்று அவருக்கே தெரியவில்லை.